ஷீலியன் யாத்திரை

பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போகிற நம்மவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று, பென் ஹில்ஸ் குன்றின்மேல் 1976-ஆம் ஆண்டு பிரதிஷ்டையான வேங்கடேசுவரப் பெருமாள் கோயில். மற்றொன்று, அலெகெனி, மனாங்கஹீலா என்ற இரண்டு நதிகளும் கலந்து, தத்தம் பெயர்களை அங்கேயே விட்டுவிட்டு, ஓஹையோ என்ற புதுப் பெயருடன் புறப்படும் சங்கமத்துறை. 2024 அக்டோபரில் தமக்கை மகன் வீட்டில் தங்கியிருந்த நான், முதல் இரண்டு நாட்களில் இவ்விரண்டையும் முடித்துக்கொண்டு, பிரசாதப் புளியோதரையின் ருசி நாவில் இருக்கும்போதே, மூன்றாம் நாள் காலையில் என் உண்மையான விருப்பத்தை அவனிடம் வெளியிட்டேன். தெற்கே மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில், கனாவா நதிக்கரையில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"என்ன மாமா இது! இங்க வர்றவங்கல்லாம் நயாகரா பார்க்கணும்பாங்க. நீங்க நிலக்கரி ஊரைப் பார்க்கணும்ங்கிறீங்களே, அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லைப்பா. இருந்தவரும் போன ஜூன் மாசம் காலமாயிட்டார். ஜெர்ரி வெஸ்ட் பிறந்த ஊர் அது."

கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, பின்பு கணிப்பொறியிடம் சரணடைந்தவன் அவன். ஆகையால் பெயரைக் கேட்டவுடன் முகம் மாறிற்று. மறு வார்த்தை பேசாமல் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டான். அவனுடைய சொந்த வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையில் கிடந்தபடியால், வாடகைக்கு ஒரு வண்டி கொண்டுவந்தான். பாசி படிந்த குளத்தின் நிறத்தில் இருந்தது. வாடகைக்காரரிடம் அன்றைக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதானாம்.

இந்த விளையாட்டின்மேல் எனக்கு எப்படி இவ்வளவு சிரத்தை ஏற்பட்டது என்று வாசகர்கள் வியக்கலாம். கூடைப்பந்தாட்டம், மற்ற விளையாட்டுகளைப்போல எப்பொழுது யாரால் தொடங்கப்பட்டது என்று தெரியாத அனாதி வஸ்து அன்று. 1891-ஆம் ஆண்டு மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துப் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களை அடக்கியாள்வதற்காகப் பழக்கூடை இரண்டை மேல்மாடத்தில் அடித்துத் தோற்றுவித்த ஆட்டம் அது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரிதான் இன்று நந்தனத்தில் மரநிழல்களுக்கிடையே இருக்கிறது. என் வாலிபத்தில் அந்தத் திடலின் ஓரத்தில் நின்று, மாலை வேளைகளில், பந்து வளையத்தில் பட்டு வெளியே விழும் ஓசையையும் வளையத்தைத் தீண்டாமல் வலைக்குள் நழுவும் ஓசையையும் கண்ணை மூடிக்கொண்டே வேறுபடுத்திச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பயிற்சி உண்டு. ஆடியதில்லை, ஆடுவதற்கு வேண்டிய உயரத்தை ஆண்டவன் அளக்கவில்லை.

ஒரு தொடர் முழுவதையும் எடைபோட்டு, அதில் தலைசிறந்து ஆடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பரிசளிக்கும் வழக்கம் எல்லா விளையாட்டிலும் இப்போது வந்துவிட்டது. நமது பத்திரிகைகள் அவரைத் 'தொடர் நாயகன்' என்று எழுதுகின்றன. அமெரிக்கர்கள் நாயகன் என்று சொல்வதில்லை. அவர்களுடைய சொற்றொடரின் பொருள் 'மிகுந்த மதிப்புடைய ஆட்டக்காரர்' என்பது. வணிகர் நாடல்லவா, மதிப்பு என்றே கணக்கிடுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் இறுதித் தொடருக்கு இந்தப் பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்டது 1969-இல். வழங்கியது ஒரு விளையாட்டுச் சஞ்சிகை. அந்த முதல் பட்டத்தைப் பெற்றவர் தோற்ற கட்சியைச் சேர்ந்த ஜெர்ரி வெஸ்ட். அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், தோற்ற கட்சியிலிருந்து இன்னொருவர் அதைப் பெற்றதில்லை. 2015-இல் லெப்ரான் ஜேம்ஸ் ஏறக்குறைய நெருங்கினார். பதினொரு வாக்குகளில் நான்கு அவருக்கு விழுந்தன, ஏழு வென்ற கட்சியின் ஆண்ட்ரே இக்வோடாலாவுக்குப் போயின.

சில ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தபோது, அதன் பக்கத்திலிருக்கும் இங்கிள்வுட்டில், அந்த 1969-ஆம் ஆண்டுத் தொடரின் கடைசி ஆட்டம் நடந்த 'ஃபோரம்' என்ற அரங்கத்தைப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. ரோமாபுரியின் ஞாபகத்தில் கட்டி, 1967 இறுதியில் திறந்தார்கள். வட்டமான கட்டடம், சுற்றிலும் வானத்தைத் தாங்குவதுபோன்ற தூண்கள். அங்கே ஆடிவந்த, வெஸ்டின் அணியான லேக்கர்ஸ், 1999-இல் நகரத்துக்குள் வேறு அரங்கத்துக்குக் குடிபோய்விட்டது. பிறகு சில காலம் ஒரு தேவாலயத்தார் அதை வாங்கி அங்கே ஆராதனை நடத்தினார்கள். இப்போது சங்கீதக் கச்சேரிகள் நடக்கின்றன. நான் போனது ஒரு பகல் நேரம். கதவு சாத்தியிருந்தது. செந்நிறத் தூண்களைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு, உள்ளே உத்தரத்தை அண்ணாந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற குறையோடு திரும்பினேன். அந்த உத்தரத்தில்தான், 1969 மே மாதம் 5-ஆம் தேதி, ஆயிரக்கணக்கான பலூன்கள் வலைகளில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன.

அந்தப் பலூன்களின் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பாஸ்டன் நகரத்துச் செல்டிக்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியும் அதற்கு முன் ஏழாண்டுகளில் ஐந்து முறை இறுதித் தொடரில் மோதியிருந்தன. ஐந்து முறையும் செல்டிக்ஸே வென்றது. 1969-இலோ நிலைமை தலைகீழ். செல்டிக்ஸ் கிழட்டு அணி. தன் பிரிவில் நான்காவதாகத் தட்டுத்தடுமாறி வந்தது. அதன் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் ஆகிய பில் ரஸல், முழங்கால் வலியோடு தமது கடைசி ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார். லேக்கர்ஸ் பக்கத்திலோ வெஸ்ட், எல்ஜின் பேய்லர், புதிதாக விலைகொடுத்துச் சேர்த்த பூதாகாரமான வில்ட் சேம்பர்லின் என்று மூன்று மகாரதர்கள். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஒருவரே 53 புள்ளிகள் எடுத்தார், இரண்டாவதில் 41. இரண்டிலும் லேக்கர்ஸ் ஜெயித்தது. பாஸ்டனில் நடந்த நான்காம் ஆட்டத்தில், சாம் ஜோன்ஸ் கால் தடுமாறி விழுந்துகொண்டே எறிந்த பந்து, வளையத்தில் தத்தித் தத்தி, ஒரே ஒரு விநாடி மீதமிருக்கும்போது உள்ளே விழ, 89-க்கு 88 என்று செல்டிக்ஸ் பிழைத்தது. அவரவர் ஊரில் அவரவர் ஜெயித்து, ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது கணக்குச் சரிக்குச் சரி. ஐந்தாம் ஆட்டத்தின் கடைசியில் வெஸ்டுக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில்.

லேக்கர்ஸ் அணியின் முதலாளியான ஜாக் கென்ட் குக், வெற்றி தம் மடியில் விழுந்துவிட்டதாகவே நிச்சயித்து, அன்றிரவு லேக்கர்ஸ் ஜெயித்தவுடன் பலூன்கள் எப்படி இறங்கும், வாத்திய கோஷ்டி எந்தப் பாட்டை வாசிக்கும், எந்தெந்த ஆட்டக்காரர்களை வானொலிக்காரர் பேட்டி காண்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஒரு காகிதத்தில் அச்சடித்து விநியோகித்திருந்தார். முகூர்த்தத்துக்கு முன்பே சம்பந்தி விருந்துக்கு இலை போட்டாற்போல. அந்தக் காகிதம் ஒன்று ரஸலின் கையில் சிக்கிற்று. அவர் அதைத் தமது தோழர்களுக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். வேறு உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை. உத்தரத்துப் பலூன்களைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர்களைவிட அதிகமாகக் கோபங்கொண்டவர் வெஸ்ட்தான்.

கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது செல்டிக்ஸ் 15 புள்ளிகள் முன்னால் இருந்தது. கட்டுப்போட்ட தொடையோடு வெஸ்ட் அந்தப் பள்ளத்தைத் தூர்க்கத் தொடங்கினார். சேம்பர்லின் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். பிறகு அவர் மறுபடி இறங்குகிறேன் என்று கேட்டும், அவரோடு ஏற்கெனவே சுமுகமில்லாத பயிற்சியாளர் இசையவில்லை. இந்தப் பிணக்கைப் பற்றி அமெரிக்கர்கள் இன்றளவும் ஓயாமல் தர்க்கம் செய்கிறார்கள்; எனக்கு அதில் ருசியில்லை. எனக்கு ருசி அதற்குப் பின்னால் நடந்ததில். ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம், சுமார் ஒரு நிமிடமே மீதி என்று வந்த கட்டத்தில், செல்டிக்ஸின் ஜான் ஹாவ்லிசெக் வைத்திருந்த பந்தை லேக்கர்ஸ் வீரர் ஒருவர் பின்னாலிருந்து தட்டிவிட்டார். தட்டிவிட்ட பந்து நேரே டான் நெல்சன் கையில் போய் உட்கார்ந்தது. அவர் எறிந்தார். பழைய படச்சுருளில் இந்த இடத்தை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பந்து வளையத்தின் பின்விளிம்பில் அடித்து, செங்குத்தாக மேலே எழும்புகிறது. எவ்வளவு மேலே என்றால், அது திரும்பி வராதோ என்று தோன்றும்வரை. பிறகு, நூல்பிடித்தாற்போல் நேர்கீழே இறங்கி, வளையத்தை எங்கும் தொடாமல் வலைக்குள் விழுகிறது. 108-க்கு 106. ரஸலுக்கு 13 ஆண்டுகளில் 11-ஆவது பட்டம். பலூன்கள் உத்தரத்திலேயே தங்கிவிட்டன.

அன்று வெஸ்ட் எடுத்தது 42 புள்ளிகள். தவறித் திரும்பிய பந்துகளைக் கைப்பற்றியது 13 முறை. தோழர்கள் பந்தைக் கூடையிலிட வழிசெய்து கொடுத்தது 12 முறை. தொடர் முழுவதற்கும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி ஏறக்குறைய 38 புள்ளிகள். ரஸல் அவர் கையைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் பேச்சற்று நின்றார். ஹாவ்லிசெக் வந்து தமது அன்பை வாய்விட்டுச் சொல்லிப் போனார். அதன்பின், சஞ்சிகைக்காரர்கள் தொடர் நாயகனுக்கென்று வைத்திருந்த வெகுமதியை அவரிடம் ஒப்படைத்தார்கள். அது டாட்ஜ் சார்ஜர் என்ற கார். நிறம் பச்சை. செல்டிக்ஸ் அணியின் கொடியும் உடுப்பும் பச்சை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கொடுத்தவர்கள் குரூரத்தால் செய்தார்கள் என்று நான் கருதவில்லை, யோசியாமல் செய்தார்கள். யோசியாமல் செய்கிற காரியங்களில்தான் தெய்வம் தன் வேடிக்கையை வைத்துக்கொள்கிறது போலும்.

நாங்கள் முதலில் இறங்கிய ஊர் மார்கன்டவுன். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஓட்டுநரில்லாமல் பெட்டி பெட்டியாக ஓடும் சிறு ரயில் ஒன்றும் 1975 முதல் அவ்வூர் மாணவர்களை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளங்களில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம், கவிழ்த்துவைத்த கிண்ணம்போல ஒரு சிமெண்டுக் கட்டடம். அதன் வாசலில், பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்துவரும் கோலத்தில் வெஸ்டின் வெண்கலச் சிலையை 2007-இல் நிறுவியிருக்கிறார்கள். இலையுதிர்காலத்துக் காற்றில் மஞ்சள் சருகுகள் பீடத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. யாரோ ஒருவர் வைத்துப்போன மலர்க்கொத்து வாடி, அதைச் சுற்றியிருந்த காகிதம் மட்டும் சடசடத்துக்கொண்டிருந்தது. மருமகன் சிலையின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வழக்கம்போல் கட்டடத்தின் வயதை விசாரித்தேன், 1970-இல் திறந்ததாம். வெஸ்ட் படிப்பை முடித்து வெளியேறியதோ 1960-இல். அவர் ஒருநாளும் ஆடியிராத அரங்கத்தின் வாசலில் அவரை நிறுத்தியிருக்கிறார்கள்! அவர் ஆடிய பழைய மண்டபம் ஆற்றங்கரையில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னேதான் அதை இடித்து, அவ்விடத்தில் வாணிபக் கல்லூரி எழுப்பினார்கள்.

இந்தச் சிலைக்குள் இன்னொரு தோல்வியும் வார்க்கப்பட்டிருக்கிறது. 1959 மார்ச்சில், லூயிவில் நகரத்தில், கல்லூரிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்துக்காக மார்கன்டவுன் மாணவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தோடு ஆடி, 71-க்கு 70 என்று தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளி. வெஸ்ட் 28 புள்ளிகள் எடுத்திருந்தார். அந்தப் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் அங்கேயும் அவருக்கே வந்தது. பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை, தோற்றவர் கையில் பரிசைத் திணித்து உலகம் அவரை உபசரித்தது. நல்லவேளையாக, 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் அவர் கழுத்தில் தங்கப் பதக்கம் விழுந்தது. இல்லாவிட்டால், கதையைக் கேட்பவர்களுக்கே தாங்காது.

மார்கன்டவுனை அடுத்து ஃபேர்மான்ட் என்ற ஊரில் காபிக்காக நின்றோம். சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளர்கள், இத்தாலியிலிருந்து வந்தவர்கள், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் மாமிசக் குச்சியுமாகக் கடித்துத் தின்பதைப் பார்த்து, அவ்வூர் ரொட்டிக்காரர் ஒருவர் 1920-களில் இரண்டையும் ஒன்றாகச் சுட்டு 'பெப்பரோனி ரோல்' என்ற பண்டத்தைச் செய்தாராம். இன்று அதுவே அந்த மாகாணத்தின் பட்சணம். மருமகன் மூன்று தின்றான். நான் மாமிசம் உண்ணாதவன் என்று சொன்னதும், கடைக்காரப் பெண்மணி என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் ரொட்டியைச் சூடாக்கி, வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

அங்கிருந்து இரண்டரை மணி நேரம் மலைகளுக்கிடையே போனது பாதை. மேப்பிள் மரங்கள் குங்குமமாகவும், மற்றவை மஞ்சள் பொடியாகவும், நடுநடுவே ஊசியிலை மரங்கள் கரும்பச்சையாகவும் இருபுறமும் சரிந்து வந்தன. மருமகன் திடீரென்று கேட்டான்:

"மாமா, தோத்தவருக்குப் பரிசு கொடுத்தது நியாயந்தானா? ஜெயிச்சவங்களுக்கு அது அவமானமில்லையா?"

எனக்கு ஒரு வழியில்தான் பதில் சொல்லத் தெரியும். நீடாமங்கலம் பக்கம் ரயிலில் போகும்போது கோவில்வெண்ணி என்று ஒரு சிறு நிலையம் வரும். கரிகாலன் பெரும் போர் புரிந்து ஜெயித்த வெண்ணிப் பறந்தலை அது என்பார்கள். தோற்ற சேரமான், மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் துளைத்து வெளிவந்ததால், புறப்புண் பட்டோமே என்று நாணி, வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து உயிர் துறந்தான். அந்த ஊர்க் குயவர் குலத்துப் பெண்மணி, வெண்ணிக்குயத்தியார், ஜெயித்த கரிகாலனையே விளித்து, அவனுடைய குலப்பெருமையையும் வெற்றியையும் முறையாகப் புகழ்ந்துவிட்டு, ஆனாலும் வடக்கிருந்தவனே மேலானவன் என்ற கருத்துப்படப் பாடிய பாட்டு புறநானூற்றில் சேர்ந்திருக்கிறது. கரிகாலன் கோபித்துக்கொண்டதாக எங்கும் காணோம். சஞ்சிகைக்காரர்கள் செய்ததும் அந்தக் குயத்தியார் செய்ததுதான்; கார் கொடுத்ததைத் தவிர.

"சேரமானுக்கு அந்தப் பாட்டைக் கேக்கக் கொடுத்துவைக்கலியே மாமா" என்றான் மருமகன். அவன் சொன்னது எனக்கு உறைத்தது. பாட்டைக் கேட்டுக்கொண்டு உயிரோடிருந்தவர் வெஸ்ட். இன்னும் மூன்று முறை இறுதித் தொடரில் நின்றார். ஆக மொத்தம் ஒன்பது தொடர்கள், எட்டில் தோல்வி. 1972-இல் லேக்கர்ஸ் ஒருவழியாக ஜெயித்தபோது, அவருடைய எறிகள் ஒன்றும் சரியாக விழவில்லை. தாம் மோசமாக ஆடிய தொடரில் பட்டம் வந்ததே என்று அவரே குறைப்பட்டார். அவ்வாண்டின் தொடர் நாயகன் சேம்பர்லின். ஜெயித்தபோது அவர் நாயகனல்ல; நாயகனானபோது ஜெயிக்கவில்லை.

சார்ல்ஸ்டன், மாகாணத்தின் தலைநகரம். சட்டசபைக் கட்டடத்தின் பொன்முலாம் பூசிய விமானம் கனாவா நதியில் பிரதிபலிக்கிறது. வாஷிங்டனில் உள்ள தேசியச் சட்டசபையின் விமானத்தைவிடச் சில அடிகள் உயரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே இரவு தங்கி, காலையில் நதியை எதிர்த்துத் தென்கிழக்கே போனோம். பொன் விமானம் மறைந்த அரைமணிக்குள் தேசம் மாறிவிடுகிறது. மலைக்கும் நதிக்கும் நடுவே ஒரு கயிற்றின் அகலமே சமதளம். அதில் நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, வரிசையாகப் பலகை வீடுகள் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடக்கின்றன. மார்மெட் மதகில் நிலக்கரி ஏற்றிய தட்டைப் படகுகள், ஒன்றோடொன்று பிணைத்த கோவையாக, நீர்மட்டம் இறங்குவதற்குக் காத்திருந்தன. அடுத்து வரும் கேபின் க்ரீக் என்ற ஓடைப் பள்ளத்தாக்கில், 1912-இல் தொடங்கி அடுத்த ஆண்டு வரை, சுரங்கத் தொழிலாளருக்கும் முதலாளிகளுக்கும் துப்பாக்கிச் சண்டையே நடந்திருக்கிறது. இந்த ஓடையின் பெயரை வைத்துத்தான், லாஸ் ஏஞ்சலஸ் போன புதிதில், வெஸ்டை அவருடைய தோழர்கள் கேபின் க்ரீக் பட்டிக்காட்டான் என்கிற தோரணையில் பரிகாசம் செய்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஊர் கேபின் க்ரீக்கும் அன்று. கடிதம் வந்த தபாலாபீஸ்தான் அங்கே இருந்தது.

அவர் பிறந்த ஊரின் பெயரை எழுத்தைக் கூட்டிப் படித்தால் செலியன் என்று வரும். பாண்டியன் செழியனுக்கு இங்கே என்ன வேலை என்று நாங்கள் வழியெல்லாம் வேடிக்கை பேசிக்கொண்டு வந்தோம். ஊரார் ஷீலியன் என்கிறார்கள். ஊர் என்று நின்று பார்ப்பதற்கு அங்கே அதிகமில்லை. ஒரு பாலம், ஒரு பெட்ரோல் கடை, தேவாலயம், வாசலில் நாற்காலி போட்ட சில வீடுகள். 1938 மே 28-ஆம் தேதி, சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்த ஒருவருக்கு மகனாக அவர் பிறந்தார். தகப்பனார் அடிப்பவர், அந்த அடிகளைப் பற்றி, வயதான பின் எழுதிய சரிதையில் வெஸ்ட் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். பிள்ளை மெலிந்து, வைத்தியர் ஊசி போட்டுத் தேற்ற வேண்டிய நிலையில் இருந்தது. அண்ணன் டேவிட் 1951-இல் கொரியா யுத்தத்தில் மாண்டபோது, சிறுவனான தம்பி பேச்சையே குறைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர் கொட்டகையில் அடித்து வைத்திருந்த கூடை வளையத்துக்குக் கீழே போய் நின்றான். சேற்றிலும் பனியிலும் எறிந்துகொண்டே இருந்தான், இரவுச் சாப்பாட்டுக்கு நேரங்கழித்து வந்து தாயாரிடம் அடி வாங்கினான், மறுநாளும் எறிந்தான்.

அந்தக் கொட்டகையைத் தேடி வந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்கி, பெட்ரோல் கடையில் வெந்நீர் போன்ற காபியை வாங்கிக்கொண்டு நின்றபோது, அங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். எண்பது வயதிருக்கும். ஒரு கையின் சுட்டுவிரல் பாதியோடு நின்றது. இன்னும் சிறிது தூரம் நதியை எதிர்த்துப் போனால் வரும் ஈஸ்ட் பேங்க் உயர்நிலைப்பள்ளியில், வெஸ்டுக்குச் சில ஆண்டுகள் பின்னால் படித்தவராம். 1956 மார்ச் 24-ஆம் தேதி, ஒரே பருவத்தில் 900 புள்ளிகளுக்குமேல் குவித்த அந்தப் பையனின் புண்ணியத்தால், பள்ளி மாகாணப் பட்டத்தை ஜெயித்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் அந்த ஒரு நாளுக்கு மட்டும், 'கிழக்குக் கரை' என்று பொருள்படும் பள்ளியின் பெயரை 'மேற்குக் கரை' என்று மாற்றிவிடுவார்கள். வெஸ்ட் என்றால் மேற்கு அல்லவா! 1999-இல் உயர்நிலைப்பள்ளியை மூடி வேறு பள்ளியோடு சேர்க்கும்வரை இந்த வைபவம் நடந்தது.

"அன்றைக்கு மட்டும் எங்களுக்கு ஊர் திசை மாறிவிடும்" என்று முதியவர் விரல் குறைந்த கையால் நதியைக் காட்டினார். "பெயர் மாறியதே தவிர, நதி எங்கள் பக்கம் திரும்பவில்லை."

அவரிடமிருந்து நான் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான். அந்த 1969 இரவை இங்கே எப்படிக் கேட்டார்கள்? முதியவர் காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு சிறிது நேரம் பேசாமலிருந்தார். தாம் அன்று இரவு முறையில் சுரங்கத்துக்குள் இருந்ததாகவும், விடியற்காலையில் மேலே வந்து விளக்கைக் கழற்றும்போது, எவரும் முடிவைச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். பிற்காலத்தில் வெஸ்ட் லேக்கர்ஸின் நிர்வாகியாகி, கோபி பிரையன்ட்டையும் ஷகீல் ஓ'நீலையும் கொண்டுவந்து சேர்த்து அணியைப் பட்டங்களுக்கு அழைத்துச் சென்றதும், இக்கட்டான ஆட்டங்களைக் காணச் சகியாமல் அரங்கத்தை விட்டு வெளியேறிக் காரில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்ததும் அவருக்கு மனப்பாடம்.

தொடர் நாயகனுக்கு வழங்கும் கோப்பைக்கு 2009-இல் பில் ரஸலின் பெயரைச் சூட்டினார்களே, அது என்ன நியாயம் என்று மருமகன் கேட்டான். ரஸல் 11 பட்டம் ஜெயித்தவர். ஆனால் அந்தப் பரிசு பிறந்ததே அவருடைய கடைசித் தொடரில், அதுவும் எதிரியின் கைக்குப் போயிற்று. ஒருவருக்குக் கோப்பையில் பெயர் கிடைத்தது, கோப்பை கிடைக்கவில்லை. மற்றவருக்குப் பரிசு கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. முதியவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் கடைசிவரை சிநேகிதர்கள் என்று மட்டும் சொன்னார்.

கொட்டகை இருந்த இடம் எது என்று கடைசியில் கேட்டேவிட்டேன். கொட்டகை எப்பொழுதோ போய்விட்டதாகவும், இடத்தை வேண்டுமானால் காட்டலாம் என்றும் சொல்லி, கைத்தடியை ஊன்றி எழுந்து எங்களோடு வெளியே வந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். என்னை ஒருமுறை, வண்டியை ஒருமுறை, மருமகனை ஒருமுறை பார்த்தார்.

"ஜெர்ரியைப் பார்க்க இந்த நிறத்திலா வந்தீர்கள்?"

நாங்கள் இருவரும் அப்போதுதான் அந்த வண்டியைச் சரியாகப் பார்த்தோம். மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. முதியவர் சிரிக்கவில்லை. கடையின் பின்பக்கத்தில், வெற்றுப் பீப்பாய்கள் அடுக்கியிருந்த இடத்தைக் கைத்தடியால் சுட்டினார்.

"அதை அங்கே கொண்டுபோய் விடுங்கள். நடந்தே போகலாம், தூரமில்லை."